குஷன்காரர் உட்கார ஒரு குஷன்

முதலில் அது விரலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்கு அல்ல. குஷன்காரரின் நிறத்துக்குத் தோல் சிவந்தால் சிவப்பாகத் தெரியாது. கொஞ்சம் கருத்தது போல இருக்கும், அவ்வளவுதான். அதனால் அவர் மனைவி தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, உட்கார்ந்தால் எலும்பு முட்டும் இரண்டு இடங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். அன்று இடது பக்கம் எப்போதும் போல இருந்தது. வலது பக்கம் ஒரு பெரிய காசு அளவுக்குச் சூடாக இருந்தது. அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"பார்த்துட்டுத்தானே இருக்கேன். கொஞ்சம் அசையாம இருங்க."

இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் அசையாது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குஷன்காரர் என்பது யாரும் கேலிக்கு வைத்த பெயர் இல்லை, தொழிலால் வந்தது. சோபா, கார் சீட்டு, சலூன் நாற்காலி என்று உட்காருகிற எதற்கும் மெத்தை வைத்து ரெக்சின் இழுத்துத் தைப்பவர். இந்த ஊரில் பாதிப் பேர் என் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வார். மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்றை மாடிப்படியில் இறக்கும்போது கால் தவறி, சோபா அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. முதுகுத்தண்டு போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. கால் போனதை அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். விழுங்க முடியாதது அதற்கடுத்து வந்த புண்.

வலி தெரிந்தால் நாம் நெளிந்து கொடுப்போம், இப்படியும் அப்படியும் மாறி உட்காருவோம். அவருக்குத் தெரியவில்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருந்தார். எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிய சதை செத்துப்போனது. ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த கோடை வரைக்கும் குப்புறக் கிடந்தார். கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டபடி சாப்பிட்டார். ஓயாமல் பேசுகிற மனிதர் கடைசி மாதங்களில் பேச்சையே விட்டுவிட்டார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதே இடம் மறுபடி திறந்தால் எலும்பு வரைக்கும் போய்விடும், அப்புறம் உட்காருவதைப் பற்றியே யோசிக்க வேண்டாம் என்றார். இப்போது சூடாக இருக்கிறதே, அதே இடம்தான்.

அவள் எழுந்துபோய் நாற்காலியில் இருந்த காற்றுக் குஷனைப் பார்த்தாள். முட்டை அட்டையைக் கவிழ்த்ததுபோல வரிசையாக ரப்பர் குமிழ்கள், ஓரத்தில் காற்றடிக்க ஒரு வால்வு. புண் ஆறியதும் மறுவாழ்வு மையத்தில் தெரபிஸ்ட் பெண் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. காலையில் அவர் ஏறி உட்கார்ந்ததும் அவருக்கு அடியில் கையை விட்டு, எலும்புக்குக் கீழே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் அடித்தட்டில் எலும்பு முட்டும். கூடினால் குமிழெல்லாம் கல்லாகி, மரப்பலகையில் உட்கார்ந்தது போலாகிவிடும். அவள் ஒருநாளும் தவறியதில்லை. சாயங்காலம் இறக்கும்போதும் கையை விட்டுப் பார்ப்பாள். இன்றைக்கும் பார்த்தாள். ஒரு விரல் கனம் அளந்து வைத்தது போல இருந்தது.

அப்படியானால் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

அடுத்த சில நாள் அவள் வீட்டை இரண்டாக்கினாள். பின் பாக்கெட் வைத்த கால்சட்டைகளையெல்லாம் எடுத்துப் பரணில் போட்டாள். சோப்பை மாற்றினாள். குஷன் உறையைக் கையாலேயே அலசிச் சுருக்கமில்லாமல் மாட்டினாள். சூடு காலையில் குறையும், சாயங்காலம் ஏறும். கருப்பு ஒரு சுற்று பெரிதானது.

விஷயம் காதில் விழுந்ததும் அவள் அண்ணன் ஒரு வளையத் தலையணையோடு வந்து நின்றான். நடுவில் ஓட்டை போட்டது.

"மாப்ளே, இதுல உட்காருங்க. புண்ணு வர்ற இடம் அந்தரத்துல நிக்கும். எதுலயும் படாது. நான் யோசிச்சு வாங்கினது."

"நீ யோசிக்கிறப்பவே எனக்கு பயம்தான் மச்சான்," என்றார் குஷன்காரர்.

"அண்ணா, அது சுத்தி இறுக்கிப் பிடிச்சு நடுவுல ரத்தமே போகவிடாது. மையத்துலயே சொல்லிட்டாங்க. நீ எடுத்துட்டுப் போய் உன் ஆபீஸ்ல போட்டு உட்காரு," என்றாள் அவள். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. வேறு சமயமாக இருந்தால் அவளே சமாதானம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு எரிச்சல்தான் முன்னால் வந்தது.

எரிச்சல் அண்ணன் மேல் இல்லை, தன் கை மேல்தான். ஒரு விரல் கனம் என்று நினைத்துக்கொண்டு எதையோ தப்பாகத் தொட்டுக்கொண்டிருக்கிறோமோ? இத்தனை நாள் இந்தக் கையை நம்பித்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார்? குளிக்கும்போதும், வேலை பார்க்கிற மருந்துக்கடையில் பில் போடும்போதும், தூக்கத்துக்கு நடுவிலும் அவள் விரல் தானாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குஷன்காரர் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார். ராத்திரி அடித்துப்போட்டது போலத் தூங்கினார். சாதம் இன்னொரு கரண்டி கேட்டார். பழைய பாட்டை விசிலடித்தார். இந்த நேரத்தில்தானா இது நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

கடைசியில் குஷன் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கத்தினாள். எடுத்தவன் பொறுமைசாலி. "காலையில சரியா இருக்கு, சாயங்காலமும் சரியா இருக்குன்னு சொல்றீங்க. நடுவுல பார்த்தீங்களாம்மா? வால்வுல கோளாறு இருந்தா வெயில் நேரத்துல ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் மத்தியானம் பாருங்க," என்றான்.

மத்தியானம் பார்க்க அவள் வீட்டில் இருந்தால்தானே. மறுநாள் தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பினாள்.

முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் அவர் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலும் காலி. விழுந்திருப்பாரோ? வாயைத் திறந்து கூப்பிடப் போனபோது பின்பக்கமிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக்.

அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவள் அவள். ரெக்சினை மரச்சட்டத்தில் பின் அடிக்கிற துப்பாக்கி. விபத்து நடந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த பட்டறையில் இருந்து வந்தது.

கதவிடுக்கில் பார்த்தாள். சலூன் நாற்காலி இருக்கை ஒன்றை மேசையில் கவிழ்த்துப் போட்டு, குஷன்காரர் இடது கையால் ரெக்சினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, வலது கையால் பின் அடித்துக்கொண்டிருந்தார். உதட்டில் நாலு ஆணி. நெற்றியில் வியர்வை. முன்னால் குனிந்து, பக்கவாட்டில் எட்டி, கத்தரியை எடுத்து, திரும்பி, ஒரு இடத்தில்கூடத் தள்ளாடாமல், பழைய மனிதராகவே இருந்தார். அப்போதுதான் கண் கீழே போனது. அவருக்கு அடியில் இருந்த குஷன் வெடிக்கப் போவதுபோல உப்பி, குமிழ்கள் ஒவ்வொன்றும் பளபளவென்று விறைத்து நின்றன. காற்றடிக்கிற கைப் பம்பு பக்கத்து ஆணியில் தொங்கியது.

"நீங்களா?" என்றாள்.

ஆணிகள் மடியில் விழுந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முதலில் செய்த காரியம், மடியில் விழுந்த ஆணிகளைப் பொறுக்கியது.

"நீங்களா அடிச்சீங்க காத்து? தினமும் அடிச்சு, நான் வர்றதுக்கு முன்னாடி திறந்துவிட்டு, ஒரு விரல் அளவு வச்சு... எனக்கே காது குத்துனீங்களா? நான் என் கையையே வெட்டிப் போடலாமான்னு இருக்கேன், தெரியுமா? மறுபடி குப்புறப் படுக்கணுமா உங்களுக்கு? தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு? சொல்லுங்க!"

"அதுல உட்கார்ந்தா ஆடுதுடி," என்றார். "தண்ணியில மிதக்குற மாதிரி. ஒரு கை நாற்காலியைப் பிடிச்சுக்கவே சரியாப் போயிடுது. ஒத்தைக் கையால ரெக்சின் இழுக்க முடியுமா? காத்து அடிச்சா கெட்டியா நிக்குது. அப்புறம், கெட்டியா இருக்கிறதுதான் நல்ல சீட்டு. அமுங்கினா வாங்கினவன் திரும்பக் கொண்டுவந்து மூஞ்சியில போடுவான். முப்பது வருஷமா என் கைக்குத் தெரிஞ்சது அதுதான்."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம், பேசாமல் வீட்டில் இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

"அன்னிக்கு மையத்துல அந்தப் பொண்ணு கேட்டுச்சு," என்றார் மெதுவாக. "பகல் முழுக்க இவர் என்ன பண்ணுவார்னு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ சொன்னே, சும்மா உட்கார்ந்துதான் இருப்பார்னு. அதுக்கு ஏத்த குஷன்தான் கொடுத்துச்சு. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏத்த குஷன். நானும் மடியில கை வச்சுக்கிட்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து காட்டிட்டு வந்தேன்."

அன்று வீடு திரும்புகிற வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. வெயில் என்று நினைத்திருந்தாள். சுரீர் என்றது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பம்பை ஆணியிலிருந்து பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல கட்டிலுக்கு வாங்க," என்றாள்.

புறங்கை வைத்துப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிடச் சூடு. தோலின் நடுவில் மெல்லிய பளபளப்பு, கொப்புளத்துக்கு முன்னால் வருகிற பளபளப்பு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் திறந்திருக்கும். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பளபளப்பு மங்கிச் சூடு தணிகிற வரைக்கும் அவரை உட்காரவே விடவில்லை. சலூன்காரர் நாற்காலியைக் கேட்டு இரண்டு தடவை வந்து போனார். இரண்டாம் தடவை கட்டிலில் கிடந்தவரை எட்டிப் பார்த்து, "பரவாயில்லண்ணே, வேற ஆளைப் பார்த்துக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். குஷன்காரர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பழைய மௌனம் வாசல் வரைக்கும் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வாரம் பொறுங்க, அவரே முடிச்சுக் கொடுப்பார்," என்று அவளாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, எந்த தைரியத்தில் சொன்னோம் என்று திகைத்தாள்.

தோல் ஆறி உட்காரலாம் என்று ஆனதும் மையத்துக்குக் கிளம்பினார்கள். அவள் ஒரு சாக்குப்பையும் எடுத்துக்கொண்டாள். உள்ளே பாதி பின் அடித்த சலூன் இருக்கை, துப்பாக்கி, கத்தரி, கொஞ்சம் ரெக்சின். வாசலில் காவலுக்கு இருந்தவர் துப்பாக்கியைப் பார்த்து ஒரு நிமிடம் ஆடிப்போனார்.

தெரபிஸ்ட் பெண் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, வழக்கம் போல மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சரி, பகல்ல என்னென்ன பண்ணுவார்?"

"என்னைக் கேக்காதீங்க மேடம்," என்றாள் அவள். "அவரைக் கேளுங்க."

குஷன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தெரபிஸ்ட் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். இருக்கையைக் கவிழ்ப்பது எப்படி, மூலையில் மடிப்பு எடுக்க எவ்வளவு குனிய வேண்டும், ரெக்சினை இழுக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் போகும், துப்பாக்கி எவ்வளவு உதைக்கும் என்று மடை திறந்தது போலக் கொட்டினார். அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இதில் பாதி அவளுக்கே தெரியாது.

தெரபிஸ்ட் பெண் ஒரு மெல்லிய விரிப்பைக் கொண்டுவந்து குஷன் மேல் போட்டாள். பாரம் எங்கே விழுகிறதோ அதைத் திரையில் நிறமாகக் காட்டும். குறைந்தால் நீலம், கூடினால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. முதலில் அவர் பட்டறையில் வைத்துக்கொண்டது போலவே பழைய குஷனில் காற்றை ஏற்றி உட்காரவைத்தாள். நீலத்துக்கு நடுவில் இரண்டு சிவப்புக் கண்கள் முறைத்தன. வலது கண் பெரியது.

"அது நானா?" என்று கேட்டார் குஷன்காரர். இடுப்புக்குக் கீழே தனக்கு என்ன நடக்கிறதென்று விபத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் தானே பார்க்கிறார்.

காற்றைச் சரியான அளவுக்கு இறக்கினாள். திரை முழுக்க நீலம். "இப்ப வேலை பண்ணுங்க," என்றாள். அவர் கத்தரியை எட்டினார். உடம்பு சரிந்தது, நாற்காலிக் கையைத் தாவிப் பிடித்தார். மனைவியின் கை தானாக முன்னால் போனது, பல்லைக் கடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். திரையில் ஒரு பக்கம் மொத்தமும் சிவந்து அடங்கியது.

அடுத்து வந்தது கெட்டி ஃபோம் குஷன். உட்கார்ந்ததுமே அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் விட்டுவிட்டு ரெக்சினை இழுத்தார், நாலு பின் அடித்தார், ஒரு ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, "இதுதான் சரக்கு. இதையே கொடுத்துடுங்க," என்றார். திரையில் இரண்டு சிவப்புக் கண்ணும் திறந்துகொண்டன. அவர் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

இது வேண்டாம் என்ற வார்த்தை அவள் வாயில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவர் கேட்பார். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுபடி பம்பைத் தேடுவார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி இறுக்கிக்கொண்டு பேசாமல் நின்றாள். தெரபிஸ்ட் பெண்ணும் பேசவில்லை. துப்பாக்கி மட்டும் டக், டக் என்றது. பிறகு அதுவும் நின்றது. குஷன்காரர் தலையைத் தூக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவளைப் பார்த்தார், அவள் கையில் முறுக்கிக் கிடந்த தலைப்பைப் பார்த்தார், கடைசியாகத் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேற என்ன இருக்கு?" என்றார்.

வேறு ஒன்று இருந்தது. முன்பக்கம் தொடைக்குக் கெட்டியான ஃபோம், இரண்டு பக்கமும் லேசாகத் தூக்கிய கரை. பின்னால் எலும்பு இறங்குகிற இடத்தில் மட்டும் பள்ளம் வெட்டி, அதில் குழகுழவென்று ஜெல் நிரப்பிய பை. குஷன்காரர் அதை மடியில் வாங்கி, முஷ்டியால் பள்ளத்தில் குத்திப் பார்த்தார். கை உள்ளே அமுங்கியது.

"என் கடைக்கு இப்படி ஒண்ணு வந்தா பிரிச்சு எறிஞ்சிருப்பேன்," என்றார். "தையலைப் பாரு, கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சிருக்கான்."

உட்கார்ந்தார். தொடை ஒரு இடத்தில் பொருந்தி நின்றது. கத்தரியை எட்டினார். லேசாகச் சாய்ந்தார், சமாளித்துக்கொண்டார். ரெக்சினை இரண்டு கையாலும் இழுத்தார். இந்த முறை ஒவ்வொரு பின்னுக்கும் திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தார். நீலம், ஓரத்தில் பச்சை, வலது எலும்பில் சின்னதாக ஒரு மஞ்சள். தெரபிஸ்ட் பெண் அவரை முன்னால் நன்றாகக் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருக்கச் சொன்னாள். மஞ்சள் கரைந்து நீலமானது.

"இருக்கையில ஒரு பக்கம் முடிச்சதும் இப்படி ஒரு தடவை குனியணும். மறந்தா எந்தக் குஷனும் காப்பாத்தாது," என்றாள்.

"மறந்தா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். "நாலு பக்கம் அடிக்காம நாற்காலி எழுமா? ஒரு பக்கம் முடிஞ்சா ஒரு கும்பிடு. கணக்கு சரி."

அந்த வாரம் பட்டறைக் கதவு பகலில் திறந்தே இருந்தது. முதல் நாள் வேலைக்குப் போனபோது அவள் பில் போட்டதில் இரண்டு தப்பு. சாயங்காலம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அவர் ஏற்கெனவே கட்டிலுக்கு மாறிக் குப்புறப் படுத்திருந்தார். அவள் புறங்கையை நீட்டினாள்.

"இரு," என்றார். "நானே பார்க்கிறேன்."

ஒரு முழங்கையை ஊன்றி, இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோனார். எட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து வழிகாட்டினாள். புறங்கை இடது பக்கம் பட்டது. அந்தத் தோலுக்கு எதுவும் தெரியாது, ஆனால் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். வலது பக்கம் போனார். மறுபடி இடது, மறுபடி வலது. சோபாவின் இரண்டு மூலையையும் வாங்கினவனிடம் கொடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் தடவிப் பார்ப்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு இல்ல," என்றார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. நீயும் ஒரு தடவை பார்த்துச் சொல்லு."